பணம் கூவும் பெட்டி: மதுரை வட்டாரத்து ஆராய்ச்சி ஒன்று

புதிய கருவிகளையும் மென்பொருள்களையும் பற்றிக் குறிப்பெழுதும் ரசிக சிகாமணிகள் நம் நாட்டில் இப்போது பெருகிவிட்டார்கள். கைப்பேசியின் காமிரா எத்தனை மெகாபிக்சல், அதன் பாட்டரி எத்தனை மில்லியாம்பியர், மடங்கும் திரையில் எந்த இடத்தில் கோடு விழும், சென்ற வாரம் வந்த அப்டேட்டுக்குப் பிறகு சூடு தணிந்ததா ஏறிற்றா என்பன போன்ற சூட்சுமங்களில் அவர்கள் செலுத்தும் சிரத்தையைக் காணும்போது, ஒரு சூத்திரத்துக்கு ஒன்பது உரை வகுத்த பழைய பண்டிதர்களெல்லாம் அவசரக்காரர்கள் என்றே எண்ணத் தோன்றுகிறது. அத்தகைய பெருமக்கள், மதுரை டவுன்ஹால் ரோட்டில் வாங்கிய புதுக் கைப்பேசியை உறை பிரிக்க மனமின்றி இரு கைகளாலும் ஏந்திக்கொண்டு தேநீர் அருந்த ஒதுங்குகிறார்களே, அந்தக் கடையின் கல்லாவில், தேன்மிட்டாய்ப் பாட்டிலுக்கும் ஊதுவத்தி ஸ்டாண்டுக்கும் நடுவே, உள்ளங்கையளவே உள்ள பெட்டி ஒன்று உட்கார்ந்துகொண்டு விடியற்காலை முதல் கூவிக்கொண்டிருக்கிறதே, அதைப் பற்றி மட்டும் அவர்கள் வாய் திறப்பதில்லை. காமிரா கிடையாது, தொட்டுத் தடவத் திரை கிடையாது, மடங்கவும் மடங்காது. ஆகவே அது கருவியே அன்று என்பது அவர்களுடைய சித்தாந்தம் போலும். இப்பெருங்குறையைக் களையும்பொருட்டு, மாட்டுத்தாவணி தொடங்கித் திருப்பரங்குன்றம் ஈறாகவுள்ள பிரதேசத்தில் தேநீரும் வடையும் உட்கொண்டு சேகரித்த ஆதாரங்களை வைத்து இந்த ஆராய்ச்சி எழுதப்படுகிறது. வடைச் செலவை ஏற்க எந்தப் பல்கலைக்கழகமும் முன்வரவில்லை என்பதையும் இவ்விடத்திலேயே பதிவு செய்துவிடுகிறோம்.

முதலில் லட்சணம். கம்பெனிக்காரர்கள் இதற்கு சவுண்ட் பாக்ஸ் என்றும் ஸ்மார்ட் ஸ்பீக்கர் என்றும் நாமகரணம் செய்திருக்கிறார்கள்; மதுரையார் ‘பெட்டி’ என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். உள்ளே ஒரு சிம் கார்டு, ஒரு பாட்டரி, ஒரு சிறு ஒலிபெருக்கி. வெளியே சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும், கடைசியாகச் சொன்னதைத் திரும்பச் சொல்ல வைக்கவும் சில பொத்தான்கள். வாடிக்கையாளர் கட்டம் கட்டமான அந்தப் படத்தை ஸ்கேன் செய்து, ரகசிய எண்ணை அழுத்திய மறுகணமே பெட்டி பேசிவிடுவதால், கைப்பேசிக்கும் பெட்டிக்கும் ஏதோ நேரடி உறவு உண்டென்று பலர் நம்புகிறார்கள். அது பிரமை. 12 ரூபாய் என்னும் செய்தி, வாடிக்கையாளருடைய வங்கிக்குப் போய், இந்திய தேசியக் கொடுப்பனவுக் கழகத்தின் கணினிகளைக் கடந்து, கடைக்காரருடைய வங்கியைத் தொட்டு, செயலிக் கம்பெனியின் சர்வரில் ஏறி, கடைசியில் பக்கத்துத் தெரு டவர் வழியாகப் பெட்டிக்குள்ளிருக்கும் சிம் கார்டில் வந்து இறங்குகிறது. மூன்றடி தூரத்தில் நிற்கும் மனிதர் தேநீருக்குக் காசு கொடுத்த சங்கதியைக் கடைக்காரர் காதில் போடுவதற்கு இத்தனை பிரயாணம். அதுவும் கிளாஸில் நுரை அடங்குவதற்குள் முடிந்துவிடுகிறது.

சரித்திரம் நீண்டதன்று. 2016 ஏப்ரல் 11 அன்று, ரிசர்வ் வங்கியின் ஆளுநராக இருந்த ரகுராம் ராஜன் யூபிஐ முறையைத் தொடங்கி வைத்தார். ஆகஸ்டுக் கடைசியில் வங்கிகளின் செயலிகள் வெளிவந்தன. அப்போதும் மதுரைக் கடைவீதி அசைந்து கொடுக்கவில்லை. நவம்பர் 8 இரவு, ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்ற அறிவிப்பு வந்து, சில்லறைக்கு ஊரே திண்டாடிய பிறகுதான் ஜனங்கள் செயலியின் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். 2017 செப்டம்பரில் தேஸ் என்ற பெயரோடு வந்த கூகுள் செயலி மறு ஆண்டு கூகுள் பே ஆயிற்று. இன்று எந்தக் கம்பெனியின் செயலியில் அனுப்பினாலும் எங்கள் ஊரில் அதற்கு ‘ஜிபே’ என்றே பெயர். 2019-ல் பேடிஎம் கம்பெனி பெட்டியைக் கொண்டுவந்தது, மற்றவர்கள் பின்தொடர்ந்தார்கள். 2025 ஆகஸ்டு என்னும் ஒரே மாதத்தில் நாடு முழுவதும் யூபிஐ வழியாக நடந்த பரிவர்த்தனைகள் 2000 கோடியைத் தாண்டின. அவற்றில் வடைக்கானவை எத்தனை என்று தனியே பிரித்து வெளியிட வேண்டுமென்ற எண்ணம் சம்பந்தப்பட்ட அதிகாரிகளுக்கு இன்னும் உதிக்கவில்லை.

இனி, பெட்டி தோன்றிய காரணத்தை ஆராய்வோம். இதற்குத் தர்க்க சாஸ்திரத்தின் துணை அவசியமாகிறது. ஒன்றை உண்மையென்று கொள்வதற்குப் பிரத்தியட்சம், அனுமானம், சப்தம் முதலிய பிரமாணங்கள் உண்டென்பதும், அவற்றுள் கண்ணால் காணும் பிரத்தியட்சமே தலையாயது என்பதும் நையாயிகர்கள் நிலைநாட்டிய கொள்கை. பெட்டிக்கு முந்தைய யுகத்தில் மதுரைக் கடைகளும் இக்கொள்கைப்படியேதான் நடந்துவந்தன. “அண்ணே, போயிருச்சு பாருங்க” என்று வாடிக்கையாளர் தம் கைப்பேசித் திரையைக் காட்டுவார். பச்சை நிறத்தில் ஒரு சரிக்குறியும் தொகையும் தெரியும். பரோட்டா மாவு அப்பிய கையோடு நிற்கும் கடைக்காரர் தம் கைப்பேசியை எடுத்து எஸ்எம்எஸ் பார்க்க வகையின்றி, கண்டதை நம்பித் தலையசைப்பார். இந்தப் பிரத்தியட்சத்தின் மேல்தான் கலியின் பார்வை விழுந்தது. அசல் செயலியின் திரையைப் போலவே சரிக்குறியையும் தொகையையும் நேரத்தையும் காட்டி, ஒரு நயாபைசாவையும் நகர்த்தாத போலிச் செயலிகள் புறப்பட்டன. முந்தாநாள் கொடுத்த காசின் ஸ்கிரீன்ஷாட்டை இன்றைக்குக் காட்டிவிட்டுப் போகும் கலையும் வளர்ந்தது. கண் பொய்த்த இடத்தில் காது வந்து நின்றது. வாடிக்கையாளர் என்ன காட்டினாலும் சரி, பெட்டி சொன்னால்தான் பணம் வந்ததாக அர்த்தம் என்று ஏற்பட்டபோது, பிரத்தியட்சத்தைத் தள்ளிவிட்டுச் சப்தப் பிரமாணத்தை அரியணையில் ஏற்றிய முதல் சமூகம் என்ற கீர்த்தி தேநீர்க்கடைக்காரர்களுக்குச் சேர்ந்தது. கௌதம முனிவர் இருந்திருந்தால் நியாய சூத்திரத்தில் ஓர் அடிக்குறிப்பாவது எழுதியிருப்பார்.

சரிபார்க்காமல் நம்புவதன் விளைவு இந்த ஊருக்குப் புதிதன்று என்பதையும் இங்கே நினைவூட்ட வேண்டும். பொற்கொல்லன் சொன்னதைப் பாண்டியன் அப்படியே ஏற்றான். சிலம்பை வரவழைத்து உடைத்துப் பார்க்க அவனுக்குத் தோன்றவில்லை. பிறகு கண்ணகி வந்து உடைத்தபோது முத்துக்குப் பதில் மாணிக்கம் தெறித்தது. ஊர் எரிந்தது. ஆக, கள்ள ஸ்கிரீன்ஷாட்டுக்கு ஏமாந்து மறுபடியும் எரிவதற்கு மதுரை சம்மதிக்காததில் ஆச்சரியம் ஏதுமில்லை.

ஆனால் மோசடிக்குப் பயந்துதான் பெட்டி இங்கே வேரூன்றியது என்று முடித்துவிடுவது மேம்போக்கான ஆராய்ச்சியாகும். எமது கொள்கை வேறு. இந்த ஊரில் வரவு என்பது ஆதி முதலே கூவப்பட வேண்டிய பொருளாக இருந்துவந்திருக்கிறது; பெட்டி அந்த உத்தியோகத்தில் பிற்காலத்தில் சேர்ந்த ஊழியர். இதற்குப் பிரமாணம் வேண்டுவோர் இரவு பதினொரு மணிக்குச் சிம்மக்கல் பக்கம் ஏதேனும் ஒரு பரோட்டாக் கடையில் போய் உட்கார வேண்டும். கல்லில் கொத்தும் தாளத்துக்கு நடுவே, இலையை மடித்துவிட்டு எழுந்து கை கழுவப் போகும் வாடிக்கையாளர், தாம் தின்ற பரோட்டா எத்தனை, ஆம்லெட் உண்டா, சுக்கா உண்டா என்பதையெல்லாம் மறந்த நிலையில் வாசலை நோக்கி நடக்கிறார். சர்வர் சீட்டு எழுதுவதில்லை. மனத்துக்குள்ளேயே கூட்டி, அடுத்த மேசைக்குச் சால்னா ஊற்றியபடியே, கல்லாவைப் பார்த்துக்கூடத் திரும்பாமல், “கட்டம் போட்ட சட்டை, நூத்தி நாப்பது!” என்று ஒரு குரல் எடுக்கிறார். கல்லாவில் இருப்பவர் கட்டம் போட்ட சட்டையைத் தேடிப் பிடிக்கிறார். பின்னால் வருபவருக்கும் கட்டம் போட்ட சட்டை என்றால், “மீசைக்காரருக்கு எம்பது!” என்று திருத்தம் பிறக்கிறது. தொகை, அதற்கு உரியவரின் அடையாளம், நிகழ்ந்த நேரம் ஆகிய மூன்றும் ஒரே மூச்சில் ஊர்ஜிதமாகிவிடும் இந்த ஏற்பாட்டில் சர்வர் என்னும் சொல் கணினிக்கும் மனிதருக்கும் பொதுவாக அமைந்திருப்பதைப் பற்றி நாம் ஒன்றும் சொல்லாமல் கடந்துபோகிறோம்.

பஸ் நிலையத்தில் கண்டக்டர் கூவுகிறார். மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் மல்லிகையின் விலை கூவலிலேயே ஏறி இறங்குகிறது. மதுரைக் காஞ்சி பாடிய மாங்குடி மருதனார் நாளங்காடியையும் அல்லங்காடியையும் சொல்லும்போது அவற்றின் ஆரவாரத்தையும் சேர்த்தே சொல்கிறார் என்பதால், இரவெல்லாம் தூங்காமல் சத்தம் போட்டு வியாபாரம் செய்வது இங்கே ஓய்ந்துபோன காலம் எதுவும் இல்லை என்று துணிந்து கூறலாம். இதற்கு மாறாக, மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்குள் கைவிட்டு, விரலைப் பிடித்து, ஒரு வார்த்தை பேசாமல் விலை முடிக்கிறார்களே என்று ஆட்சேபிப்போர் உண்டு. நல்ல ஆட்சேபம். ஆயினும் துண்டுக்குள் ஒளிந்திருப்பது பேரம், வரவு ஒளிவதில்லை. விலையைத் தீர்மானிக்கும்வரை மௌனம், காசு வந்தபின் முழக்கம் என்பதே பொது விதி. ரகசிய எண்ணை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு அழுத்துவதும், அதன்பின் பெட்டி தெருவுக்கே கேட்கும்படி கத்துவதுமாகிய இன்றைய முறை இந்த விதியைத் துளியும் மீறவில்லை.

இக்கொள்கைக்கு எதிர்மறைச் சான்று ஒன்று மேலூரில் கிடைக்கிறது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், சென்னை ஐஐடியும் அமெரிக்காவின் எம்ஐடி, ஹார்வர்டு ஆகிய கல்வி நிலையங்களும் என்-லாக் என்னும் கம்பெனியும் இன்னும் சிலரும் கூடி, மேலூர் வட்டாரத்துக் கிராமங்களில் இணைய மையங்களைத் திறந்தார்கள். பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு ஐஐடியில் உருவாக்கிய கார்டெக்ட் என்னும் கம்பியில்லா முறை, ஒரு கோபுரத்திலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தூரம் வரை இணைப்பைக் கொண்டுபோயிற்று. மையத்துக் காமிராவில் கண்ணைப் படம் பிடித்து மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பி யோசனை கேட்டார்கள். தாலுகா ஆபீஸுக்கு விண்ணப்பம் போட்டார்கள். பிள்ளைகள் கம்ப்யூட்டர் கற்றார்கள். உண்மையிலேயே போற்றத்தக்க முயற்சி. எம் போன்ற கருவிப் பிரியர்கள் அன்று ஆனந்தக் கண்ணீர் வடித்திருக்க வேண்டிய விஷயம். ஆனால் சில ஆண்டுகளுக்குள் பெரும்பாலான மையங்கள் மூடிவிட்டன. வருமானம் போதவில்லை, பழுது பார்க்க ஆள் நிலைக்கவில்லை என்று நிபுணர்கள் காரணம் எழுதினார்கள். அவர்கள் சொன்னது சரியே. அத்துடன், அந்த இயந்திரங்களில் ஒன்றுகூட நாலு பேர் காதில் விழும்படி எதையும் கூவவில்லை என்ற காரணத்தையும் சேர்த்துக்கொள்ளும்படி பணிவுடன் வேண்டுகிறோம்.

பெட்டியின் சகோதரியாகிய கியூஆர் படத்தையும் சிறிது கவனித்தாக வேண்டும். இதனை 1994-ல் ஜப்பானிய டென்சோ வேவ் கம்பெனியின் மசாஹிரோ ஹாரா என்பவர், மோட்டார் உதிரிப் பாகங்களைக் கணக்கு வைப்பதற்காக உருவாக்கினார். அது மதுரைக்கு வந்து பணியாரத்தைக் கணக்கு வைக்கும் என்று அவர் எண்ணியிருக்க நியாயமில்லை. படத்தின் மூன்று மூலைகளில் உள்ள பெரிய சதுரங்களே கைப்பேசிக்கு அது கியூஆர் என்பதையும் எந்தப் பக்கம் தலை, எந்தப் பக்கம் கால் என்பதையும் அறிவிக்கின்றன. மற்றப் பகுதியில் செய்தியோடு கூடவே, அழிந்ததை மீட்டுக்கொள்ளும் கணிதமும் பொதிந்திருக்கிறது. இர்விங் ரீட், குஸ்டவ் சாலமன் என்னும் இருவர் 1960-ல் வெளியிட்ட முறை அது. அதிகபட்சக் காப்புடன் அச்சிட்டால் ஏறக்குறைய 30 சதவீதம் சிதைந்தாலும் படத்தை வாசித்துவிடலாம். இதன் மகத்துவத்தை முழுமையாக உணர்வதற்கு ஆயுத பூஜை மறுநாள் காலை கடைவீதிக்குப் போக வேண்டும். தராசுக்கும் கல்லாவுக்கும் இட்ட கையோடு, கியூஆர் அட்டைக்கும் சந்தனம் குழைத்து அப்பி, மேலே குங்குமம் வைத்து, எந்திரத் தகட்டைப் போலவே கதம்பமும் சாத்தியிருப்பார்கள். நடுவில் இட்ட பொட்டை ரீட்-சாலமன் கணிதம் பொறுத்துக்கொள்கிறது, பணம் போகிறது. மூலைச் சதுரத்தின் மேல் இட்டுவிட்டாலோ, அதற்கு அந்தக் கணிதத்தின் காப்பு கிடையாது; வாடிக்கையாளர் கைப்பேசியை முன்னும் பின்னும் ஆட்டித் தவிக்க வேண்டியதுதான். ஆகவே பக்தி சிரத்தையுள்ள வியாபாரிகள் பொட்டை மத்தியில், சிறிதாக இடுவது சாஸ்திர சம்மதம் என்று இந்த ஆராய்ச்சி விதிக்கிறது.

பெட்டி பேசத் தாமதிக்கும் வேளையே அதன் தத்துவம் முழுவதும் வெளிப்படும் வேளை. சிக்னல் மெலிந்த நேரத்தில், பணம் கணக்கைவிட்டுப் போய்விட்டதாகக் கைப்பேசி சொல்கிறது. பெட்டியோ வாயைத் திறக்கவில்லை. வாடிக்கையாளர் குற்றமற்றவராயினும் குற்றவாளியின் முகபாவத்தோடு நிற்கிறார். “போயிருச்சுண்ணே.” “பெட்டி சொல்லலையேப்பா.” “இந்தா பாருங்க, போயிருச்சு.” “இருப்பா, சொல்லும். அங்கிட்டு நில்லு.” இவ்விடத்தில் வியாபாரிகள் மூன்று மதத்தினராகப் பிரிகிறார்கள். பெட்டி சொல்லும்வரை ஆளை விடாதவர்கள் ஒரு மதம். முகத்தைப் பார்த்தே “சரி போப்பா” என்பவர்கள் இன்னொரு மதம். வாடிக்கையாளர் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டு இரண்டுமல்லாத நடுநிலை காப்பவர்கள் மூன்றாமவர். முகத்தைப் பார்ப்பவர்களுக்கு நஷ்டம் அதிகம் வந்ததாக அவர்களே சொல்லக் கேட்டதில்லை. அது எமது கொள்கைக்குச் சற்று இடைஞ்சலான செய்தியாதலால் இதற்கு மேல் விரிக்கவில்லை. பிறகு சிக்னல் திரும்பி, தேங்கிக் கிடந்த வரவுகளைப் பெட்டி ஒன்றன்பின் ஒன்றாக மூச்சுவிடாமல் ஒப்பிக்கும்போது, முன்பே போய்விட்டவர்களின் யோக்கியதை அவர்கள் இல்லாத சபையில் நிரூபணமாகிறது.

இவ்வளவு புகழ்ந்தாலும் ஒரு குற்றத்தைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. இந்தப் பெட்டிக்கு ரகசியம் காக்கத் தெரியாது. சர்க்கரை வியாதிக்கு வைத்தியம் செய்துகொள்ளும் பெரியவர் ஒருவர், ஜிகர்தண்டாக் கடையில், சில்லறையாகக் கொடுத்திருந்தால் யாருக்கும் தெரியாமல் போயிருக்கக்கூடிய தொகையைக் கைப்பேசியில் கொடுத்துவிட்டு, பெட்டியின் வாயிலிருந்து அது ‘ஸ்பெஷல்’ தம்ளருக்கான தொகை என்பது வீதியில் நின்ற மருமகன் வரைக்கும் எட்டியதைக் கண்டு மனம் நொந்ததை நாம் நேரில் பார்த்தோம். “என்ன மாமா, ஸ்பெஷலா?” என்றார் மருமகன். காசு நோட்டு எந்நாளும் இவ்வாறு காட்டிக்கொடுத்ததில்லை.

குரலைப் பற்றியும் ஒரு வார்த்தை. போன்பே கம்பெனி தன் பெட்டிகளில் இந்திக்கு அமிதாப் பச்சனையும் தெலுங்குக்கு மகேஷ் பாபுவையும் மலையாளத்துக்கு மம்முட்டியையும் கன்னடத்துக்குச் சுதீபையும் பேச வைத்தது. இத்தகைய ஏற்பாட்டை மதுரைக்குக் கொண்டுவர உத்தேசிப்பவர்கள், முன்கூட்டியே போலீஸ் கமிஷனரைக் கலந்துகொள்வது உசிதம். 1952-ல் பராசக்தி படத்தோடு தங்கம் தியேட்டரைத் திறந்த காலந்தொட்டு, நடிகர்களின் பெயரால் சங்கமும் கொடியும் பாலாபிஷேகமும் வளர்ந்த ஊர் இது. ஒரு கடைப் பெட்டியில் ஒரு நடிகரின் குரல் ஒலித்தால், எதிர்க்கட்சி ரசிகர் தேநீரைக் குடித்துவிட்டுச் சில்லறையாகக் கொடுக்கத் தொடங்குவார். நாட்டின் டிஜிட்டல் முன்னேற்றம் அந்த அளவுக்குப் பின்தங்கும். இப்போதுள்ள, எந்தக் கட்சியையும் சேராத அந்தப் பெண்குரலே க்ஷேமம்.

ஆயினும் அந்தப் பொதுக்குரலிலேயே ஒரு சிக்கல் முளைத்திருக்கிறது. கோயிலைச் சுற்றியுள்ள மாசி வீதிகளிலும் ஆவணி மூல வீதிகளிலும் கடைகள் தோளோடு தோள் உரசி நிற்பவை. பூக்கடைக்கும் அடுத்த தேங்காய்ப் பழக் கடைக்கும் ஒரே கம்பெனியின் பெட்டி, ஒரே குரல். ‘இருபது ரூபாய்’ என்று அது சொன்னால் இருபது யாருக்கு வந்தது என்பதில் இருவருக்கும் தினமும் விவகாரம். இதற்குக் கம்பெனியின் பொறியாளர்கள் யோசிக்காத தீர்வைப் பூக்கார அம்மாள் கண்டுபிடித்தார். பெட்டியில் மொழியை மாற்றிக்கொள்ளலாம் என்று தெரிந்ததும், மகனை விட்டுத் தம்முடையதை மலையாளத்துக்கு மாற்றிவிட்டார். “மலையாளத்துல சொன்னா எனக்கு. தமிழ்ல சொன்னா அண்ணனுக்கு. அம்புட்டுத்தேன்” என்று அவர் விளக்கியபோது, மொழிப் பிரச்சினைக்கு இத்தனை சுலபமான உபயோகம் இருப்பதை எந்த அரசியல்வாதியும் கண்டுகொள்ளாதது எமக்கு வருத்தமாயிருந்தது. எதிர்ச்சாரியில் வளையல் கடைக்காரர் தெலுங்கை எடுத்துக்கொண்டார். அவரை அடுத்த விபூதிக் கடையில் இந்தி. தலைமுறை தலைமுறையாக இந்த ஊரில் நெய்தும் விற்றும் வாழும் சௌராஷ்டிரர்களின் மொழியைப் பேசும் பெட்டி மட்டும் இதுவரை எமக்குத் தென்படவில்லை, கம்பெனியார் கவனிப்பார்களாக. சென்ற மாதம் அதே வீதியில் புதிதாகச் சர்பத் கடை போட்ட இளைஞரிடம், பெட்டியைப் பொருத்த வந்த கம்பெனிப் பையன், எந்த மொழி வேண்டும் என்று கேட்டான். சர்பத்காரர் பதில் சொல்லாமல் தெருவில் இறங்கி, இரு பக்கமும் எட்டிப் பார்த்துவிட்டுப் பூக்கடையை நோக்கிக் குரல் கொடுத்தார்: “யக்கா, நம்ம தெருவுல எந்தப் பாஷை இன்னும் காலியா இருக்கு?”